கோகாய் – பொதுக்கேடு

தொழிற்சாலைகளால் காற்றும் நீரும் நிலமும் கெடுவதை ஜப்பானியர் ‘கோகாய்’ என்பர். இரண்டு சீன எழுத்துகளால் ஆன இச்சொல்லில் ‘கோ’ பொது, ‘காய்’ கேடு. 1896-ஆம் ஆண்டின் ஆற்றுச் சட்டத்தில் இது பொதுநலன் என்பதன் எதிர்ச்சொல்லாகவே வந்தது. ஆலைப் புகையும் கழிவும் இதன் பொருளாக நிலைத்தது பிற்காலத்தில். 1967-ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டம், மனிதச் செயலால் பரந்த பகுதியில் உடல்நலத்துக்கும் வாழ்சூழலுக்கும் நேரும் கேடு என இதை வரையறுத்தது.

இப்பொருளுக்கு அழுத்தம் தந்த ஊர்களுள் முதன்மையானது மினமாட்டா. அங்கே சிஸ்ஸோ ஆலை, பாதரசத்தை வினையூக்கியாகக் கொண்டு 1932 முதல் அசிட்டால்டிகைடு என்னும் வேதிப்பொருளைத் தயாரித்தது. கழிவோடு கடலில் கலந்த மெத்தில் பாதரசம் மீன்வழியே மனிதரின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. நோய் 1956-இல் அதிகாரப்பூர்வமாக அறியப்பட்டது. ஆலையோ 1958-இல் கழிவு வாயிலை வளைகுடாவிலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்கு மாற்ற, நோய் மேலும் பரவியது. மறு ஆண்டு, கழிவு கலந்த உணவைத் தின்ற பூனைக்கு அந்நோய் வந்ததை ஆலை மருத்துவரே கண்டும், நிறுவனம் அதை வெளியிடவில்லை. அவ்வாண்டு இறுதியில் நிறுவிய சுத்திகரிப்புக் கருவியும் பாதரசத்தை நீக்க வல்லதன்று. நிறுவனத்தின் கழிவே காரணமென அரசு ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில், அதாவது பாதரசம் கொண்டு தயாரிக்கும் முறையை ஆலை கைவிட்ட சில மாதங்களுக்குப் பிறகு.

இத்தாமதத்தின் வேர் சட்டத்திலும் தெரிந்தது. வாழ்சூழல் காப்பு பொருளாதார வளர்ச்சியோடு இணங்கிச் செல்ல வேண்டும் என்றது 1967-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் மோதினால் எது விட்டுக்கொடுக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? 1970-இல் ‘கோகாய் நாடாளுமன்றம்’ என்று பெயர்பெற்ற நாடாளுமன்றக் கூட்டத்தொடர் அவ்வாசகத்தை நீக்கியது. 14 சட்டங்களையும் நிறைவேற்றியது. 1973-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டமோ, புகை கக்கும் ஆலைகள் தாம் வெளியிடும் கந்தக ஆக்சைடின் அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்தச் செய்தது. கக்கும் அளவைக் குறைத்தால் செலவும் குறையும் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

தமிழில் நாம் ‘மாசு’ என்கிறோம். அழுக்கு, களங்கம், குற்றம் எனப் பொருள்படும் நல்ல பழஞ்சொல்தான். ஆனால் நீர் அழுக்கானதைச் சொல்லுமே தவிர, அதைக் குடித்தவரைச் சொல்லாது. ‘பொதுத் தொல்லை’ சட்டத் தமிழில் வேறொன்றைக் குறிப்பது. மினமாட்டாவில் நேர்ந்ததைக் குறிக்க மெலிவானதும்கூட. ‘பொதுக்கேடு’ என்பதே கோகாய்க்கு நேர். ஒரு குறை மட்டும் உண்டு: ‘பொது’ என்றதும் செய்தவரும் பொதுமக்களே என்ற மயக்கம் எழலாம். ஜப்பானியச் சொல்லுக்கும் இம்மயக்கம் உண்டு. ஆகவே கேட்டின் மூலம் ஒரே ஆலை எனத் தெரிந்த இடத்தில் ‘ஆலைக்கேடு’ என்றே எழுதலாம்.