பேட் மாற்றும் முன்பும் கை கழுவ வேண்டும்

மாதவிடாய் நாட்களில் தொடை இடுக்கில் எரிச்சல், அரிப்பு என்று வரும் பள்ளி மாணவிகளிடம் நான் முதலில் கேட்பது, "காலையில் வைத்த பேடை எப்போம்மா மாத்துவே?" என்றுதான். "வீட்டுக்குப் போய்த்தான் டாக்டர்" என்பார்கள். கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் வராது, பேடைப் போட இடமில்லை. கழிவறைக்குப் போகப் பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு வருகிறவர்களும் உண்டு.

கணக்கும் இடிக்கிறது. தமிழக அரசு இலவசமாகப் பேட் தரும் புதுயுகம் திட்டத்தில் இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், ஒவ்வொன்றிலும் 6 பேட். ஒரு மாதவிடாய்க்கு 9 வருகிறது. ஐந்து நாளும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் 20 வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் கடையில் வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை ஒன்றையே நாள் முழுக்க வைத்திருக்கத்தான் செய்யும். அவளைச் சுத்தமில்லாதவள் என்று திட்டுவது கொஞ்சமும் நியாயமில்லை.

அரசு தரும் பேடைப் பள்ளி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் பருத்தித் துணி போதும். பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். யார் கண்ணிலும் படக்கூடாதென்று பாவாடைக்கு அடியில் போட்டு, அரை ஈரத்தோடு மடித்து வைப்பதால்தான் பூஞ்சைத் தொற்று வருகிறது. கூச்சமாக இருந்தால் மேலே ஒரு மெல்லிய துண்டை விரித்துவிடுங்கள்.

அப்புறம், கை. மாற்றிய பிறகு கழுவுகிற பிள்ளைகள்கூட மாற்றும் முன்பு கழுவுவதில்லை. பஸ் கம்பியையும் பெஞ்சையும் தொட்ட கை நேராகப் புதுப் பேடுக்குப் போகிறது. முன்பும் பின்பும் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பு வைத்தால் காணாமல் போகிறது என்று ஆசிரியர்கள் குறைபடுவார்கள். வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டிவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால், சோப்புத்தூளைத் தண்ணீரில் கரைத்து, மூடியில் துளை போட்ட பாட்டிலில் வைக்கலாம்.

மணிக்கொரு பேட் நனைந்தாலோ, ஏழு நாளைத் தாண்டினாலோ, நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ தள்ளிப்போடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ரத்தசோகையும் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பது நல்லது. வெறும் வயிற்றில் ஒருமுறை குமட்டிவிட்டால், அடுத்த வாரம் அதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.