ராத்திரி மூஞ்சிக்கு என்ன போடணும், அது எப்படி வேலை செய்யுது

ராத்திரி ஆனா நம்ம தோல்ல இருந்து தண்ணி அதிகமா வெளிய போகும். வேர்வைய சொல்லல, கண்ணுக்கே தெரியாம ஆவியா போற தண்ணி. பகல்லயும் போயிட்டு தான் இருக்கும், ஆனா சாயங்காலத்துக்கு மேல அளவு ஏறும், கூடவே தோலோட சூடும் ரத்த ஓட்டமும் கொஞ்சம் கூடும், எண்ணெய் சுரக்குறது மட்டும் மத்தியானம் உச்சத்துக்கு போயிட்டு ராத்திரி இறங்கிடும். கரப்பான் (எக்ஸிமா) இருக்கிறவங்களுக்கு படுத்தா தான் அரிப்பு ஜாஸ்தியாகுதுன்னா அதுக்கு இதுவும் ஒரு காரணம். உடம்புக்குள்ள ஓடுற கடிகாரம் எப்படி இயங்குதுன்னு கண்டுபிடிச்சதுக்கு 2017ல நோபல் குடுத்தாங்கல்ல, அந்த மாதிரி கடிகாரம் தோல் செல்லுலயும் ஓடுது, புது செல் பிரியுற வேலை நள்ளிரவ ஒட்டி தான் அதிகம்.

அப்போ நைட் ரொட்டீனுக்கு ரெண்டே வேலை தான். போற தண்ணிய தடுக்கணும், வெளிச்சம் பட்டா கெட்டுப்போற மருந்த இருட்டுல வேலை செய்ய விடணும். ஏழு ஸ்டெப் பத்து ஸ்டெப்லாம் பாட்டில் விக்கிறவங்களோட கவலை.

தோலோட ஆக மேல்பகுதி செத்த செல்லுங்களோட அடுக்கு, ஒரு 15, 20 அடுக்கு இருக்கும், ஆனா எல்லாம் சேத்தும் ஒரு தலைமுடி தடிமன் கூட வராது. தோல் டாக்டருங்க இத செங்கல் சுவர்னு தான் சொல்லிக்குடுப்பாங்க, செத்த செல் செங்கல், நடுவுல செராமைடுங்கிற ஒரு வகை கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூணும் கலந்த சாந்து. தண்ணிய உள்ள நிறுத்துறது அந்த சாந்து தான். சோப்பு போட்டு பறபறன்னு தேய்க்கும்போது அழுக்கோட சேந்து அதுவும் கரைஞ்சு போகுது. தோல் லேசான அமிலத்தன்மையில, பிஎச் 5 பக்கத்துல இருக்கிறது, சாதா சோப்போ காரத்தன்மையில, 9, 10ல இருக்கிறது, கழுவினதும் மூஞ்சி இழுத்துப் பிடிக்குதே அத நிறைய பேர் சுத்தமாயிடுச்சுன்னு நினைச்சுக்கறாங்க, உண்மையில சாந்து போயிடுச்சுன்னு அர்த்தம். போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியாவுல இன்னும் மோசம், கால்சியத்தோட சேந்து சோப்பு வெள்ளையா பக்கெட் ஓரத்துல படியுது பாருங்க, அது மூஞ்சியிலயும் படியும். அதனால சோப்பில்லாத ஃபேஸ்வாஷ் ஒண்ணு போதும். கடலை மாவு போட்டு ராத்திரியும் தேய்க்கிறது வேணாம். சன்ஸ்கிரீன், மை, மேக்கப் இருந்தா மட்டும் முதல்ல எண்ணெய் மாதிரி எதாவது வெச்சு துடைச்சுட்டு அப்புறம் கழுவுங்க, ஏன்னா அதெல்லாம் தண்ணிக்கு அசையாது.

அடுத்து, பூசுறதுல எது உள்ள போகும்? சுமாரா 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடைய அளக்குற அலகு) மேல எடை உள்ள மூலக்கூறு அந்த சுவர தாண்டுறது ரொம்ப கஷ்டம். நியாசினமைடு (விட்டமின் பி3 வகை) 122, ரெட்டினால் (விட்டமின் ஏ வகை) 286, ரெண்டும் போயிடும். தோல இறுக்கமா வெச்சுக்கிற புரதமான கொலாஜன் சுமார் 3 லட்சம். ஆக கொலாஜன் க்ரீம் தடவினா நம்ம கொலாஜன் ஏறாது, மேல உக்காந்து ஈரத்த பிடிச்சு வெச்சுக்கும், அந்த வேலைய கிளிசரின் இதவிட ரொம்ப சல்லிசா பண்ணிடும்.

நிஜமாவே உள்ள போய் வேலை பண்றது ரெட்டினாய்டு குடும்பம் தான். விட்டமின் ஏ வகை. இதுல ட்ரெட்டினாயின்கிறத அமெரிக்காவுல 1971ல பருவுக்கு மருந்தா அனுமதிச்சாங்க, பின்னாடி இருந்தது ஆல்பர்ட் க்ளிக்மன்னு ஃபிலடெல்ஃபியா தோல் டாக்டர். பருவுக்கு போட்ட பொம்பளைங்க சிலர் சுருக்கமும் கம்மியாகுதுன்னு சொல்ல, அத சோதிச்சு 1986ல கட்டுரை போட்டார். ஆள் பெரிய ஆள் தான், ஆனா ஹோம்ஸ்பர்க் ஜெயில்ல கைதிங்க தோல்ல வருஷக்கணக்கா சோதனை பண்ணினவரும் இவர் தான், அதையும் சொல்லாம விடக்கூடாது. ட்ரெட்டினாயின் செல்லோட உட்கருவுல இருக்கிற ஏற்பியில போய் ஒட்டிக்கிட்டு எந்த ஜீன் எவ்ளோ ஓடணும்னு மாத்துது, செல் சீக்கிரம் புதுசாகுது, கொலாஜன அரிக்கிற என்சைம் குறையுது. கடையில டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கிற ரெட்டினால் தோலுக்குள்ள ரெண்டு படி மாறின பிறகு தான் இந்த வடிவத்துக்கு வரும், அதனால வேகம் கம்மி, எரிச்சலும் கம்மி. ரெண்டுமே வெளிச்சத்துல சிதைஞ்சிடும், ராத்திரி போடச் சொல்றது அதுக்குத் தான்.

போடுற விதத்துல தான் பாதி பேர் சொதப்புறாங்க. மூஞ்சி நல்லா காயட்டும். முழு மூஞ்சிக்கும் ஒரு பட்டாணி அளவு தான், நெத்தி, ரெண்டு கன்னம், மூக்கு, தாடைன்னு அஞ்சு புள்ளி வெச்சு இழுத்து விடணும், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம், கண்ணோரம் மூணையும் விட்டுடணும், அங்க தான் முதல்ல உரியும். வாரத்துக்கு ரெண்டு ராத்திரில ஆரம்பிங்க, தாங்கினா கூட்டுங்க. ரொம்ப எரியுற தோல்னா முதல்ல மாய்ஸ்சரைசர் போட்டு அது மேல போடலாம். முதல் சில வாரம் உரியும், சில பேருக்கு பரு கூட கொஞ்சம் கூடும், மூணு மாசம் ஆகாம பலன் தெரியலன்னு தூக்கிப் போடாதீங்க. பகல்ல சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பமா இருந்தா, இல்ல அதுக்கு முயற்சி பண்ணிட்டு இருந்தா இந்தக் குடும்பத்தையே தொடக்கூடாது.

கடைசியா மூடி போடுறது. கிளிசரின் ஈரத்த இழுக்கும், ஆனா அந்த ஈரம் பறக்காம இருக்க மேல ஒண்ணு வேணும். அதுல பெட்ரோலியம் ஜெல்லிய இன்னிக்கு வரை எதுவும் ஜெயிக்கல. எண்ணெய் கிணத்து பம்புல ஒட்டின மெழுக சுத்தம் பண்ணி ராபர்ட் செஸ்பரோ 1872ல பேட்டன்ட் வாங்கினது. ஏசி ரூம்ல படுக்கிறவங்களுக்கு கன்னத்துலயும் உதட்டுலயும் மெல்லிசா தடவினா போதும். சென்னை மே மாசத்துல ஃபேன் காத்துல படுக்கிறவங்க அத மூஞ்சி பூரா தடவினா தலையணையோட ஒட்டிக்குவாங்க, அவங்களுக்கு டைமெத்திகோன் (ஒரு வகை சிலிகோன்) இருக்கிற ஜெல் சரிப்படும். தேங்காயெண்ணெய் கை காலுக்கு அருமை, பரு வர்ற மூஞ்சிக்கு வேணாம்.

இவ்ளோ சொல்லிட்டு நம்ம ஊர் 'நைட் க்ரீம்' விஷயத்த சொல்லலன்னா தப்பு. அதே க்ளிக்மன் 1975ல மங்குக்கு மூணு மருந்த கலந்து ஒரு ஃபார்முலா குடுத்தார், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு. டாக்டர் பாத்து கொஞ்ச வாரம் குடுக்கிற மருந்து அது. இங்க அதோட தம்பிங்கள மெடிக்கல்ல வாங்கி வெள்ளையாகுறதுக்குன்னு வருஷக்கணக்கா ராத்திரி பூசுறாங்க. முதல் மாசம் மூஞ்சி பளபளன்னு தான் ஆகும், அப்புறம் தோல் மெலிஞ்சு ரத்த நரம்பு தெரியும், வெயில்ல நின்னா எரியும், மீசை மாதிரி முடி வரும். 2018ல மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீம்கள டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு பட்டியல்ல சேத்தும் கவுண்டர்ல கேட்டா கிடைக்குது. உங்க ட்யூப் பின்னாடி மொமெடசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. இருந்துச்சுன்னா, ரொம்ப நாளாவும் போட்டுட்டு இருந்தீங்கன்னா, நீங்களா பட்டுனு நிறுத்தாதீங்க, செவந்து எரிஞ்சு பரு கொத்தா கிளம்பும், பயந்து திரும்ப அதையே தடவ ஆரம்பிப்பீங்க, தோல் டாக்டர்ட்ட போங்க, போகும்போது அந்த ட்யூபையும் கையோட எடுத்துட்டு போங்க.