சிவப்பு லைட்டை அணைத்துத் தரச் சொல்லி என்னிடம் வராதீர்கள்

மழை ஆரம்பித்ததிலிருந்து எலெக்ட்ரிக் கார் பிரச்சினை என்று என்னைக் கூப்பிட்ட மூன்றாவது வீடு இது. வட சென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு சந்து. இரண்டு பக்கக் கண்ணாடியையும் மடக்கினால்தான் கார் உள்ளே போகும். இரவு பத்து மணிக்கு போன். "அண்ணே, கார் ஷாக் அடிக்குதுண்ணே. ஷோரூம்ல காலைலதான் ஆள் வரும்ங்கறாங்க."

நடந்தது இதுதான். கார் சார்ஜில் இருந்திருக்கிறது. திடீரென்று வீட்டில் மட்டும் கரண்ட் போய்விட்டது, எதிர் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது. கட்-அவுட்டில் ஃபியூஸ் போயிருக்கும் என்று நினைத்து, எதற்கும் காரைக் கழற்றி வைப்போம் என்று அந்தத் தம்பி வெளியே வந்திருக்கிறார். ஒரு கை மழையில் ஊறிய மதில் சுவரில். மற்றொரு கையால் கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பூட்டுக் கொக்கியைத் தொட்டதும் தூக்கி எறிந்திருக்கிறது. முழங்கையில் சிராய்ப்போடு தப்பித்தார். அவருடைய அம்மா தினமும் விடிகாலையில் வெறுங்காலோடு அந்தக் காரை ஒட்டித்தான் கோலம் போடுகிறார்.

காரைப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சுவரில் இருந்த 15 ஆம்பியர் பிளக் பாக்ஸைக் கழற்றினேன். உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர், நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. இரண்டு மாதத்துக்கு முன்னால் சார்ஜரில் சிவப்பு லைட் எரிந்ததாம். எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து ஐந்தே நிமிடத்தில் பச்சையாக்கிவிட்டு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனாராம். அவரை ரொம்பவும் புகழ்ந்தார்கள்.

இதைப் பற்றி வாயால் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

காரோடு கொடுக்கிற போர்ட்டபிள் சார்ஜர் வெறும் ஒயர் இல்லை. காருக்குக் கரண்டை விடுவதற்கு முன்னால், சுவரில் எர்த் இருக்கிறதா என்று அது பார்க்கும். இல்லையென்றால் சிவப்பு காட்டி நின்றுவிடும். அதன் வேலையே அதுதான். ஆனால் நம் ஆட்கள் என்ன சொல்கிறார்கள்? "சார்ஜர் ஃபால்ட்டு." வாரண்டியில் வேறு சார்ஜர் வாங்குகிறார்கள். அதுவும் சிவப்பு. "கம்பெனியே டூப்ளிகேட்டு." அதே சார்ஜரை மூலக்கடையில் என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்து செருகினால் பச்சை. பழுது உங்கள் வீட்டில் ஐயா, சார்ஜரில் இல்லை. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் பழைய வீடுகளில் நான் திறந்து பார்த்த பாதி பிளக்குகளில் எர்த் பின்னுக்குப் பின்னால் ஒயரே கிடையாது. இருந்தாலும் மீட்டர் போர்டோடு முடிந்துவிடும். தாத்தா காலத்தில் புதைத்த ஜி.ஐ. பைப் இந்த உப்புத் தண்ணீரில் எப்போதோ கரைந்து போயிருக்கும்.

இனி எனக்கு மிகவும் கோபம் வருகிற விஷயம்: எர்த் இல்லாத பிளக்கில் நியூட்ரலை எர்த் பின்னோடு சேர்த்து, எர்த் இருப்பதாக சார்ஜரை ஏமாற்றுவது. "நியூட்ரலும் எர்த்தும் ஒண்ணுதானே சார், டிரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டும் சேர்ந்துதானே கீது?" இதை என்னிடம் சொல்லாத எலெக்ட்ரீஷியன் இல்லை. டிரான்ஸ்ஃபார்மரில் சேர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டுக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் நடுவில் கம்பம் இருக்கிறது, சர்வீஸ் ஒயர் இருக்கிறது, நாலைந்து ஜாயிண்ட் இருக்கிறது. கடல் காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிற ஊரில் அந்த ஜாயிண்ட் மட்டும் புதிதாகவே இருக்குமா?

நியூட்ரல் என்பது எப்போதும் கரண்ட் ஓடுகிற ஒயர். எர்த் என்பது ஏதாவது கோளாறு வந்தால் மட்டும் கரண்ட் ஓட வேண்டிய ஒயர். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தது என்று வையுங்கள். கரண்டைக் கொண்டுவருகிற ஒயரான ஃபேஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது ஃபிரிட்ஜ் வழியாக, ஃபேன் வழியாக உங்கள் வீட்டு நியூட்ரலுக்கு வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கும். விளக்கெல்லாம் அணைந்துவிடும், நீங்கள் கரண்ட் போய்விட்டது என்பீர்கள். ஆனால் அந்த நியூட்ரலில் இப்போது 230 வோல்ட் வரை இருக்கிறது. நீங்கள் போட்ட கட்டைவிரல் ஒயர் அதை எர்த் பின்னுக்குக் கொடுக்கிறது. எர்த் பின்னிலிருந்து சார்ஜர் ஒயர் வழியாக காரின் பாடிக்கு. காருக்கு நாலு ரப்பர் டயர், தரைக்கு இறங்க வழி கிடையாது. யாராவது வந்து தொடுகிற வரைக்கும் அப்படியே நிற்கும்.

சுவிட்சை அணைத்தால்? ஒன்றும் ஆகாது. சுவிட்ச் வெட்டுவது ஃபேஸை மட்டும். எர்த் பின்னுக்கு உலகத்திலேயே சுவிட்ச் கிடையாது. பிளக்கை உருவினால்தான் விடும். புயலுக்குப் பிறகு கம்பத்தில் அவசரமாக ஜாயிண்ட் போடும்போது ஃபேஸும் நியூட்ரலும் மாறிப்போவதும் உண்டு. அப்போது நியூட்ரல் அறுந்து போகக்கூட வேண்டாம், கார் நேராக ஃபேஸிலேயே நிற்கும்.

இன்னொரு கூத்து. கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுகிற ஆர்.சி.சி.பி. என்று ஒன்று உண்டு, நியூட்ரலையும் எர்த்தையும் இப்படிச் சேர்த்தால் அது அடிக்கடி டிரிப் ஆகலாம். அதனால் அதையும் கழற்றிவிடுவார்கள். கொருக்குப்பேட்டை வீட்டில் அது மீட்டர் போர்டு மேல் தூசி படிந்து கிடந்தது. "அடிக்கடி விழுது, தொல்லைன்னு எடுத்துட்டாரு" என்றார்கள்.

டெஸ்டரை எர்த் பின்னில் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை, எர்த் நன்றாக இருக்கிறது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஒயரே இல்லாத ஓட்டையில் வைத்தாலும் டெஸ்டர் எரியாது. மல்ட்டிமீட்டர் இருந்தால் ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அயர்ன் பாக்ஸையோ ஹீட்டரையோ ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒன்றிரண்டு வோல்ட் காட்டினால் எனக்குச் சந்தேகம் வராது. அவ்வளவு லோடு ஓடும்போதும் சுத்தமான பூஜ்ஜியம் காட்டினால்தான் பாக்ஸைத் திறப்பேன். எங்கோ இரண்டையும் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புது எர்த் போடுவது பெரிய செலவில்லை, எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. நம் பக்கம் மண்ணில் ஈரம் இருப்பதால் நல்ல எர்த் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அதே உப்பு ஜி.ஐ.யைத் தின்றுவிடும் என்பதால் காப்பர் பூசிய ராடு போடச் சொல்வேன். எர்த்தின் தடை 5 ஓமுக்குள் வந்தால் எனக்கு நிம்மதி. எர்த் போட்டாயிற்று, ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: ஃபேஸ் காரின் பாடியைத் தொட்டால், 5 ஓமில் 230 வோல்ட் என்றால் 46 ஆம்பியர்தான் ஓடும். கரண்ட் அதிகமானால் விழுகிற சுவிட்சான எம்.சி.பி., 20 ஆம்பியர் சி-கர்வ் ரகம், உடனே விழ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.தான் உங்களைக் காப்பாற்றும். அதிலும் 'ஏ' டைப் கேட்டு வாங்குங்கள். கடையில் முதலில் எடுத்து நீட்டுவது 'ஏசி' டைப்பாக இருக்கும், காருக்கு அது சரிப்படாது.

அடுத்தது, "இதே பிளக்ல பத்து வருஷமா கீசர் ஓடுது சார்." ஓடட்டும். கீசர் 2 கிலோவாட், கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் 3.3 கிலோவாட், அதாவது 14 ஆம்பியருக்கு மேல். 30 யூனிட் பேட்டரி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் மூச்சு விடாமல் இழுக்கும். பின் லூசாகி அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்தால்கூட 20 வாட்டுக்கு மேல் சூடு. ரேடியோ ரிப்பேர்க்காரர் கையில் பார்த்திருப்பீர்களே, 25 வாட் சால்டரிங் அயர்ன், கிட்டத்தட்ட அது. அதை பிளாஸ்டிக் பிளக்குக்குள் வைத்துவிட்டு நீங்கள் தூங்கப் போகிறீர்கள். பிளக் பழுப்பாகியிருந்தாலோ, மீன் வாடை மாதிரி ஒரு வாடை அடித்தாலோ அந்த பாயிண்டை அன்றோடு விட்டுவிடுங்கள். (காசிமேட்டு ஆட்களுக்கு இந்த அடையாளம் உதவாது, தெரியும்.) மீட்டரிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர், தனி எம்.சி.பி. சார்ஜரின் பெட்டியை பிளக்கிலிருந்து தொங்கவிடாதீர்கள். அந்த எடைதான் பின்னை லூசாக்குகிறது, ஒரு ஆணி அடித்து மாட்ட முடியாதா?

ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து தெருவில் சார்ஜ் போடுகிறவர்களே, மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதியிலேயே அது கூடாது என்று இருக்கிறது. பிளக் பாயிண்ட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். புளியந்தோப்பு பக்கம் என்றால் இன்னும் ஒரு அடி சேர்த்து வையுங்கள். அங்கே மழைத் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்கு நேர் எதிர் ரகம் ஒன்று உண்டு. பயப்பட வேண்டாத இடத்தில் பயப்படுகிறவர்கள். வியாசர்பாடியில் ஒருவர், முந்தின இரவு 76 சதவீதம் காட்டிய கார் காலையில் செத்துக் கிடக்கிறது. கதவு திறக்கவில்லை, ஸ்கிரீன் வரவில்லை. தெருவே கூடி "பேட்டரி போச்சு, ஏழு லட்சம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. நான் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தேன். உள்ளே 'டக்' 'டக்' என்று சத்தம், ஸ்கிரீனில் ஓடத் தயார் என்கிற 'ரெடி' வந்துவிட்டது. எலெக்ட்ரிக் காரிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிற கான்டாக்டர் என்கிற சுவிட்ச் மூடுவதற்கே அந்த 12 வோல்ட்தான் வேண்டும். அது இறங்கிவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. அவர் இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிற டேஷ்கேமை நேராக அதில் செருகியிருந்தார்.

நிறுத்தி வைத்த காரில் அந்தச் சின்ன பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே வந்தால் பேட்டரியைப் பாருங்கள். ரெடியில் போட்டு மறுபடி அளந்தால் பெரும்பாலான கார்களில் 13-க்கு மேல் ஏறும். ஏறவில்லையென்றால் புது 12 வோல்ட் பேட்டரி போட்டும் நாலு நாளில் திரும்ப வருவீர்கள், ஏனென்றால் அதைச் சார்ஜ் செய்கிற டிசி-டிசி கன்வெர்ட்டரில்தான் கோளாறு. 2024-ல் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயானிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது இந்த வேலையைச் செய்கிற யூனிட்டுக்காகத்தான். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்ற எச்சரிக்கை ஓடும்போது வந்தால் வீடு வரை ஓட்டிப் பார்க்காதீர்கள், இடது பக்கம் ஒதுங்குங்கள். பக்கத்து வீட்டு பெட்ரோல் காருக்கு உங்கள் எலெக்ட்ரிக் காரிலிருந்து ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கும் தர்மமும் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. ஐபி67 என்று சொல்லி விற்கிறார்களே, அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம், நல்ல தண்ணீரில், புது பேட்டரிக்கு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்களில் நின்றது நல்ல தண்ணீரா? எண்ணூர் பக்கம் எண்ணெயே மிதந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள், கார் மிதந்து வந்துவிடும் என்ற வீடியோவை நானும் பார்த்தேன். சீட் வரை தண்ணீர் ஏறிய காரை "ஓடுதான்னு பாப்போம்" என்று ஸ்டார்ட் பண்ணாதீர்கள், சார்ஜ் போடவே போடாதீர்கள். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்த பேட்டரி சில நாள் கழித்தும் பற்றலாம். வீட்டை ஒட்டாமல் வெட்டவெளியில் நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள். பெரிய பேட்டரியின் கரண்ட் ஓடுகிற ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள். உங்கள் மச்சான் ஐ.டி.ஐ. படித்திருந்தாலும் சரி.

கொருக்குப்பேட்டை வீட்டில் மறுநாள் ஈ.பி.க்காரர் வந்து கம்பத்தில் நியூட்ரலைச் சரி செய்தார். சனிக்கிழமை புது எர்த் இறக்கினோம். அந்த அம்மா டீ கொடுத்துக்கொண்டே, இனிமேல் காரைத் தொடலாமா என்று இரண்டு தடவை கேட்டார்.

பிறகு அந்த எலெக்ட்ரீஷியன் நம்பரை வாங்கிப் பேசினேன். திட்டத்தான் போன் போட்டேன். சின்னப் பையன். நான் சொல்லச் சொல்ல மறுமுனையில் சத்தமே இல்லை. கடைசியில் மெதுவாக, "அண்ணே, இன்னும் பதினோரு வீட்ல இதே மாரி பண்ணிக்கீறேன்" என்றான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போய் நாலு வீட்டில் அந்த ஒயரை எடுத்தோம். மூன்று வீட்டின் முகவரி அவனுக்கு ஞாபகம் இருக்கிறது, இந்த வாரம் போவோம். மீதி நாலு வீடு எது என்று அவனுக்குத் தெரியவில்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம், ஐந்து நிமிடத்தில், ஐந்நூறு ரூபாயில் உங்கள் சார்ஜரில் சிவப்பு லைட் பச்சையாகியிருந்தால் இப்போதே எழுந்து போய், காரைத் தொடாமல், முதலில் அந்த பிளக்கை உருவுங்கள்.