உண்ணிக் காய்ச்சல் எது, புதர்க்காய்ச்சல் எது

மழைக்காலம் முடிந்ததும் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ஒரு தலைப்பு தவறாமல் வந்துவிடும்: ‘உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது’. உள்ளே போய்ப் படித்தால் பேச்சு ஸ்க்ரப் டைபஸ் பற்றியது. அதே செய்தி வாட்ஸ்அப் ஏறி, தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பனுக்கும் வந்து சேரும். எங்கள் தமிழ் வகுப்புக் குழுவில் அண்மையில் மறுபடியும் வந்தது. பேரனை வகுப்புக்கு அழைத்து வரும் அம்மா ஒருவர் கேட்டார்: “தம்பி, நாயை இனி வீட்டுக்குள்ள விடலாமா, வேண்டாமா? உண்ணியால ஆளே செத்துப்போறாங்கன்னு போட்டிருக்காங்களே.” அவர் கேட்டதில் தப்பே இல்லை. உண்ணி நாய்மேல் இருப்பது என்று சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார். செய்தி எழுதியவர்தான் சொல்லைப் பிழையாகப் போட்டுவிட்டார். ஸ்க்ரப் டைபஸ் உண்ணியால் வருவதே இல்லை.

சொல்லைப் பிரிப்பது எளிது. உண் என்ற வினையடி. செய்பவரைக் காட்டும் இகர விகுதி. விறகுவெட்டி மாதிரி. குடிப்பதும் உண்பதில் அடங்கும், கள்ளுண்ணாமை என்கிறோம். ஆக, மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிப்பது உண்ணி, ஆங்கிலத்தில் டிக். டைபஸ் கிரேக்கச் சொல். புகை, மயக்கம் என்று பொருள். காய்ச்சல் முற்றிப் புத்தி மங்குவதால் வந்த பெயர். டைபாய்டு என்றால் ‘டைபஸ் போன்றது’, அவ்வளவே. நோய் முற்றிலும் வேறு. ஸ்க்ரப் என்பது குட்டைப் புதர் மண்டிய நிலம்.

உண்மையான உண்ணிக் காய்ச்சல் எங்கள் நாட்டில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ‘டிக்-பைட் ஃபீவர்’ என்றால் தெரியாத ஆள் கிடையாது. க்ரூகர் வனவிலங்குப் பூங்காவுக்கோ மாட்டுப் பண்ணைக்கோ போய்ப் புல்வெளியில் நடந்துவிட்டு வருவார்கள். ஐந்தாறு நாள் கழித்துத் தலைவலி, கழுத்து வலி, காய்ச்சல். சாக்ஸ் விளிம்பிலோ முழங்காலுக்குப் பின்னாலோ பார்த்தால், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பல நேரம் இரண்டு மூன்றுகூட இருக்கும். அதே பக்கத்துத் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கும். கடித்தது மாட்டிலும் மானிலும் வாழும் வண்ண உண்ணி. உள்ளே போட்டுவிட்டுப் போன கிருமி ரிக்கெட்சியா ஆப்பிரிக்கே. நாயுண்ணி கொண்டுவரும் ரிக்கெட்சியா கொனோரியும் இங்கே உண்டு. அது சில நேரம் கடுமையாகும், ஆள் இறந்ததும் உண்டு. வண்ண உண்ணியின் காய்ச்சலோ படுத்தி எடுக்குமே தவிர, உயிரைப் பறித்ததாகப் பதிவில்லை.

இந்த இரண்டும் வேறு என்று தெளிய எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். நோய் இங்கே 1911இலேயே பதிவானது. 1930களில் பிரிட்டோரியாவில் பைபர் என்ற அறிஞர், லேசான வகை தனி நோய் என்று வாதாடினார். எடுபடவில்லை. இரண்டையும் ஒரே பெயரில் போட்டு மூடிவிட்டார்கள். பிறகு 1990களில்தான் கிருமியைப் பிரித்தெடுத்து, 1996இல் ரிக்கெட்சியா ஆப்பிரிக்கே என்று பெயரிட்டார்கள். ஆய்வகத்தில் அறுபது ஆண்டு போராடிப் பிரித்ததை, நாம் தமிழில் ஒரு தலைப்பால் மறுபடி குழைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஆசியாவில் வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற மூன்றாவது நோயையும் சேர்த்து.

ஸ்க்ரப் டைபஸின் கிருமி ஒரியன்ஷியா துத்சுகாமுஷி. முஷி என்றால் ஜப்பானிய மொழியில் பூச்சி. முன்பு இதையும் ரிக்கெட்சியா பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 1995இல் தனிப் பேரினமாக்கினார்கள். இதைக் கொண்டுவருவது உண்ணி இல்லை, அதைவிட மிகச் சிறிய வேறொரு உயிர், ஆங்கிலத்தில் மைட். அதிலும் அதன் இளம்புழு மட்டுமே கடிக்கும். அது 0.2 மில்லிமீட்டர்தான், கண்ணுக்குத் தென்படாது. உண்ணியைப்போல் இரத்தமும் குடிப்பதில்லை. தோலில் எச்சிலை விட்டு, கரைந்த திசுவை உறிஞ்சிக்கொண்டு, சில நாளில் விழுந்துவிடும். எலிகள்மேல் வளர்வது, மனிதர் தற்செயலாக அகப்படுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் படைவீரர்களை இது வாட்டியபோது கைகொடுக்க மருந்தே கிடையாது. 1948இல் கோலாலம்பூரில்தான் குளோரம்பெனிக்கால் இதைக் குணப்படுத்தும் என்று காட்டினார்கள். மருந்தில்லாமல் விட்டால் இறப்பு சராசரியாக நூற்றுக்கு ஆறு என்பார்கள். இடத்துக்கு இடம் மிகவும் மாறும்.

இதை ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று அழைப்பவர்கள் சொல்லும் நியாயங்களை நான் பலமுறை கேட்டுவிட்டேன். எதுவும் நிற்கவில்லை.

உண்பதெல்லாம் உண்ணிதானே, சொல்லிலேயே பொருள் இருக்கிறதே என்பது முதலாவது. வேர்ச்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினால் இப்படித்தான் ஆகும். ஊர்வதெல்லாம் ஊர்தி ஆகிவிடுமா? நத்தையை ஊர்தி என்று யாரும் சொல்வதில்லை. ஒரு சொல் வழக்கில் எந்தப் பொருளில் நிலைத்ததோ அதுவே அதன் பொருள். மாடு வளர்க்கிற எந்த வீட்டிலும் போய் ‘உண்ணி’ என்று சொல்லிப் பாருங்கள். கையால் பிடுங்கி எடுக்கக்கூடிய, கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைத்தான் காட்டுவார்கள்.

இரண்டும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை, வளர்ந்தால் இரண்டுக்கும் எட்டுக் கால் என்பது அடுத்தது. உண்மைதான். தேளும் சிலந்தியும்கூட எட்டுக்கால் கூட்டம்தான். தேள் கொட்டியவரைச் சிலந்தி கடித்தவர் என்று மருத்துவமனையில் யாராவது பதிவு செய்வார்களா? உழவர்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். பயிரில் வரும் மைட்டைச் செம்பேன், சிலந்திப்பேன் என்கிறார்கள். உண்ணி என்று அவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. ‘தூசி உண்ணி’ எல்லாம் அகராதியைப் புரட்டி உட்கார்ந்து செய்தவை.

மக்களுக்குப் பழகிவிட்டது, இனி மாற்றினால் குழப்பம் என்பதுதான் அடிக்கடி வருவது. எனக்குக் கோபம் வருவதும் இதில்தான். குழப்பம் இனிமேல் வரப்போவதில்லை, ஏற்கெனவே வந்துவிட்டது. உண்ணிக்குத் தேவையான எச்சரிக்கை ஒன்று, மைட்டுக்குத் தேவையானது வேறு. உண்ணியானால், வெளியே போய் வந்ததும் அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தேட வேண்டும்; கிடைத்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது கூடாது. மைட்டுப் புழுவைத் தேடிப் பயனில்லை, அகப்படாது. அங்கே சொல்ல வேண்டியவை வேறு: புல்தரையில் படுக்காதீர்கள், துவைத்த துணியைப் புதர்மேல் காயப்போடாதீர்கள், வீட்டைச் சுற்றி எலி அண்டவிடாதீர்கள், வயலிலிருந்து வந்ததும் குளித்துத் துணி மாற்றுங்கள். ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று தலைப்புப் போட்டால், படிப்பவர் நாயைக் குளிப்பாட்டிவிட்டு நிம்மதியாகப் புல்லில் உட்காருவார்.

மருந்து ஒன்றுதானே, டாக்சிசைக்ளின்தானே என்பவர்களும் உண்டு. தொடக்கத்தில் அப்படித்தான். முற்றிய ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவில் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. எங்கள் உண்ணிக் காய்ச்சலுக்கு அந்தப் பேச்சே தேவைப்படாது. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

சரி, எதை வைப்பது? புதர்ப்பேன் காய்ச்சல் என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்க நன்றாக இருக்கிறது, இரண்டு காரணத்தால் ஆகாது. பேனால் பரவும் டைபஸ் தனியாக இருக்கிறது. போரிலும் சிறையிலும் கொத்துக் கொத்தாகக் கொன்றது அதுதான். இன்னொன்று இங்குள்ள சிக்கல்: ஆப்பிரிக்கான்ஸில் உண்ணியின் பெயரே ‘போஸ்லெய்ஸ்’, நேர்ப்பொருள் புதர்ப்பேன்! டிக்-பைட் ஃபீவரை அவர்கள் ‘போஸ்லெய்ஸ்கூர்ஸ்’ என்பார்கள். புதர்ப்பேன் காய்ச்சல் என்று எழுதினால், அந்த மொழி தெரிந்த எங்கள் பிள்ளைகள் சுற்றி வந்து உண்ணியிலேயே நிற்பார்கள். சன்னிக் காய்ச்சல் என்பது டைபஸின் பொருளுக்கு நெருக்கம்தான். ஆனால் எந்தக் காய்ச்சல் முற்றிப் பிதற்றினாலும் சன்னி என்கிறோம், பிள்ளை பெற்றவளுக்கு வருவதையும் சன்னி என்கிறோம். அத்தனை சுமை தாங்கும் சொல்லில் இன்னொன்றை ஏற்ற வேண்டாம்.

நான் எழுதுவது புதர்க்காய்ச்சல். கடிக்கும் உயிரின் பெயரை விட்டுவிட்டு, கடிபடும் இடத்தைச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத உயிரைவிட, கண்ணுக்குத் தெரிகிற இடத்தைச் சொல்வதே படிப்பவருக்கு உதவும். வயலிலும் ஆற்றங்கரைப் புல்லிலும்கூட வருமே என்றால், வரும். அதைப் பெயருக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடலாம். மருத்துவர்கள் ‘புதர் டைபஸ்’ என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு மறுப்பில்லை. வேற்றுச்சொல் ஒன்று உள்ளே வருவதைவிட, நம் சொல் ஒன்று பொருள் மாறிப் போவதுதான் பெரிய இழப்பு. பேன், தெள்ளு, உண்ணி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி இது. பேனால் வருவது பேன் காய்ச்சல், எலித் தெள்ளால் வருவது தெள்ளுக் காய்ச்சல், உண்ணியால் வருவது உண்ணிக் காய்ச்சல் என்று வைத்தால் எதுவும் எதனோடும் முட்டாது.

மருத்துவச் செய்திகளைத் தமிழில் பெயர்ப்பவர்களிடம் எனக்கு இன்னும் இரண்டு குறை இருக்கிறது. இந்தக் கிருமிகள் எல்லாம் நம் உயிரணுவுக்குள்ளே புகுந்து, அங்கே மட்டுமே பெருகுபவை. அதை ‘உயிரணுக்களுக்கு இடையே வாழும் பாக்டீரியா’ என்று எழுதியதைப் பார்த்தேன். இடை வேறு, அகம் வேறு. உள்ளே இருப்பதால்தான் சாதாரண வளர்ப்புத் தட்டில் இவை வளர்வதில்லை, பெனிசிலினும் பயன்படுவதில்லை. உயிரணுவுக்குள் நுழையும் மருந்துதான் வேண்டும். ‘இடையே’ என்று எழுதிவிட்டால் இந்த விளக்கம் முழுவதும் பொருளற்றுப் போகிறது. உயிரணு உள்வாழ் பாக்டீரியா என்று எழுதினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

மற்றது ‘அசாதாரண பாக்டீரியா’. மைக்கோபிளாஸ்மா, கிளமிடியா, லெஜியோனெல்லா போன்ற கிருமிகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘எடிப்பிக்கல்’ என்ற அடைமொழியை இப்படிப் பெயர்க்கிறார்கள். படிப்பவர் எங்கோ அரிதாக வரும் புதுக் கிருமி என்று பயந்துபோகிறார். மைக்கோபிளாஸ்மா நுரையீரல் காய்ச்சல் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாதாரணமாக வருவது. கிருமி அரிதானது என்பது அங்கே பொருளில்லை. வழக்கமான சாயத்துக்கும் வளர்ப்புக்கும் பெனிசிலினுக்கும் பிடி கொடுக்காதது என்பதே பொருள். வழக்கில் அடங்காத என்று எழுதலாம். நான் ‘வகைமீறிய பாக்டீரியா’ என்று எழுதிவருகிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: நாய் வீட்டுக்குள் வரட்டும், உண்ணி இருக்கிறதா என்று மட்டும் காதைப் புரட்டிப் பாருங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். திரும்பி வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், அக்குளிலும் இடுப்புப் பட்டைக்குக் கீழும் கரும்பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். மார்புக்கு அடியிலும் பெண்களுக்கு ஒளிந்திருக்கும். பொருக்கு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போங்கள். ஊருக்குப் போய் வந்ததைச் சொல்லி, ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்ற ஆங்கிலப் பெயரையே சொல்லுங்கள். செய்தித்தாளில் படித்த உண்ணிக் காய்ச்சலை ‘டிக் ஃபீவர்’ என்று மாற்றிச் சொன்னால், டர்பன் மருத்துவர் க்ரூகர் பூங்காவுக்குப் போனீர்களா என்றுதான் கேட்பார்.