பொலம்பி பாடினா ஏன் தெம்பு வருது?

"உன்ன நீயே நேசி"ன்னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுறவங்க இலங்கை மலையகத்துல ஹட்டன்லயும் இருக்காங்க, தலவாக்கலையிலயும் இருக்காங்க, போடட்டும். ஆனா 2009ல கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டி ஜோஆன் வுட் குழு இத டெஸ்ட் பண்ணி பாத்தப்ப, "நான் அன்புக்குரிய ஆளு"ன்னு திரும்பத் திரும்ப சொன்னவங்கள்ல ஏற்கனவே தன்ன மட்டமா நெனச்சுக்கிட்டிருந்தவங்களுக்கு மனசு இன்னும் கீழ எறங்கிருச்சு. வாய் சொல்றத மனசு நம்பலன்னா அப்பிடித்தான்.

நம்ம தேயிலைத் தோட்டத்து அம்மாயிமாரு அப்பிடி எதுவும் பாடல. நெர புடிச்சு கொழுந்து எடுக்கைல பாடுனதெல்லாம் வேலை வாங்குற கங்காணி, மலை ஏத்தம், அட்டக்கடி, அரைப்பேரு (அரை நாள் சம்பளம்) போட்ட கத, முழுக்க பொலம்பல்தான். பொலம்பினா சோர்வுதான வரணும், தெம்பு எங்கேருந்து வருது?

மொதல்ல மூச்சு. உள்ள இழுக்கைல இதயம் கொஞ்சம் வேகமா அடிக்கும், வெளிய விடைல மெதுவாகும், மூளையில இருந்து நெஞ்சு வழியா வயிறு வரைக்கும் எறங்குற வேகஸ் நரம்புதான் இந்த பிரேக்க போடுறது. சும்மா இருக்கைல நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 மூச்சு விடுறோம், ஆனா ராகம் இழுத்து பாடைல சட்டுன்னு ஒரு மூச்சு எடுத்து அத பாட்டோட ஒரு வரி முழுக்க நீட்டி விடுறோம், அதாவது பிரேக் அழுத்துற நேரம் கூடுது. இத்தாலியில பெர்னார்டி குழு 2001ல ஜெபமாலை ஜெபத்தையும் மந்திரத்தையும் அளந்து பாத்துச்சு, ரெண்டுலயும் மூச்சு நிமிஷத்துக்கு 6 கிட்ட வந்து நின்னுச்சு, இதயமும் அந்த தாளத்துக்கு ஏறி எறங்குச்சு. சுவீடன்ல 2013ல சேர்ந்து பாடுறவங்கள பாத்தா அவங்க இதயத் துடிப்பே ஒன்னா ஏறி எறங்குதாம். ஒரே மலையில பத்து பேரு ஒரே பாட்ட இழுத்தா என்ன ஆகும்னு இத வச்சு யோசிச்சுக்கங்க.

ரெண்டாவது வலி. ஆக்ஸ்போர்டு டன்பார் குழு 2012ல சொன்னது, பாடினாலோ ஆடினாலோ மேளம் அடிச்சாலோ அதுக்கப்புறம் வலி தாங்குற அளவு கூடுது, சும்மா பாட்டு கேட்டா கூடல. வலிய மட்டுப்படுத்த ஒடம்பே உண்டாக்குற எண்டோர்பின் சுரக்குதுன்னு அவங்க கணிப்பு. நம்ம தோட்டத்து காமன் கூத்துல விடிய விடிய தப்பு மேளம் அடிக்கிறவங்க கைய பாத்தவங்களுக்கு இது புதுசில்ல.

எனக்கு ரொம்ப புடிச்சது மூனாவது. மிச்சிகன் யுனிவர்சிட்டி ஈதன் கிராஸ் குழு 2014ல பாத்தது, பதட்டமான நேரத்துல "நான் ஏன் இப்பிடி"ன்னு யோசிக்கிறத விட தன் பேர சொல்லியோ "நீ"ன்னோ தனக்குள்ள பேசினவங்களுக்கு கலக்கம் கொறஞ்சிச்சு. நம்ம தாலாட்ட எடுத்துக்கங்க, புள்ளைக்கு பாடுற மாதிரி ஆரம்பிச்சு பொறந்த வீடு, மாமியா, கடன்னு ஆத்தா தன் கதையத்தான் கொட்டுவா, ஆனா "நான் நான்"னு இல்ல, புள்ள கிட்ட சொல்ற கதையா. தன் துக்கத்த ரெண்டடி தள்ளி வச்சு பாக்குறா, அடுத்த ஆளுக்கு காட்டுற எரக்கம் தன் மேலயே திரும்புது. இது என் கணிப்புதான், லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீடுகள்ல, தாலாட்டு பாடுறவங்கள யாரும் லேபுல உக்கார வச்சு அளந்து நான் பாக்கல.

இதுக்காக பாட்டு பாடினா போதும், சம்பளம் கேக்க வேணாம்னு யாராவது கெளம்பிறாதீங்க. வேகஸ் நரம்பு இதயத்த மெதுவாக்கும், அரைப்பேர முழுப்பேராக்காது. அந்த பாட்டுங்கள்ல பாதி கங்காணிய திட்டுறதுதான்னும் ஞாபகம் இருக்கட்டும்.