ஒரு ஸ்பேஸ் பார்த்த வேலை

போன மாதம் ஒரு நிறுவனத்தின் பில்லிங் ஸ்கிரீனைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். தேடும் பெட்டியில் ஒரு எழுத்து தட்டினால் போதும், பிரவுசர் அப்படியே உறைந்துவிடும். எல்லோரும் சர்வரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கோடு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலரை ஓட்டினால், நேரம் முழுக்க ஜேகுவெரிக்குள், அதாவது பக்கத்தின் உறுப்புகளைத் தேடி எடுத்து மாற்ற உதவும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிக்குள், போயிருந்தது. சர்வர் பாவம், சும்மா இருந்தது.

சிக்கியது ஒரே வரி, எந்த உறுப்புகள் வேண்டும் என்று சொல்லும் ஒரு செலக்டர்: டேபிள் பாடியின் ஐடி, ஒரு ஸ்பேஸ், அப்புறம் கோலன் போட்டு ‘விசிபிள்’. அந்த டேபிளுக்குள் கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் எடு என்று அர்த்தம். தேடலுக்குப் பொருந்தாத ஒவ்வொரு வரிசையையும் மறைத்தபின், ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க லூப்புக்குள் எழுதியிருந்தார்கள்.

வெறும் ஐடி, கிளாஸ், டேக் என்றால் ஜேகுவெரி அதற்கென்றே பிரவுசரில் இருக்கும் ஃபங்ஷனை நேரே கூப்பிடும். கொஞ்சம் சிக்கலானால், சிஎஸ்எஸ் செலக்டர் எதையும் ஏற்கும் குவெரிசெலக்டர்ஆல் என்ற பிரவுசர் ஃபங்ஷனைக் கூப்பிடும். இரண்டுமே வேகம்தான். ஆனால் ‘விசிபிள்’ பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் கிடையாது, ஜேகுவெரி தானே சேர்த்துக்கொண்டது. பிரவுசர் எரர் வீசும். ஜேகுவெரி அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு, முழு செலக்டரையும் தன் சொந்த எஞ்சினிடம் தள்ளும். 2009இல் 1.3 பதிப்போடு வந்த சிசில்தான் அது. 2023இல், 3.7இல், தனி லைப்ரரியாக இல்லாமல் ஜேகுவெரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்.

இந்த எஞ்சின் வலமிருந்து இடமாகப் போகும். கடைசித் துண்டில் டேக்கோ கிளாஸோ இருந்தால் அதற்குப் பொருந்துபவற்றை மட்டும் அள்ளிக்கொண்டு, அங்கிருந்து மேலே ஏறிச் சரிபார்க்கும். நம் வரியில் ஸ்பேஸுக்குப் பிறகு வெறும் கோலன். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அதனால் உள்ளே இருக்கும் வரிசை, செல், பட்டன், ஐகான் என்று ஒன்று விடாமல் எடுத்து, ‘நீ தெரிகிறாயா?’ என்று கேட்கும். முன்னால் ஐடி இருந்ததால் டேபிளோடு போயிற்று. இல்லாவிட்டால் பக்கம் முழுக்க அலைந்திருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அகலம், உயரம் அளக்க வேண்டும். இப்போதுதான் ஒரு வரிசையை மறைத்திருக்கிறோம், ஆகவே எது எங்கே, எவ்வளவு பெரிது என்ற லேஅவுட்டை பிரவுசர் மறுபடி கணக்குப் போட்டாக வேண்டும். இது ஒவ்வொரு வரிசைக்கும்!

வரிசைகளை முதலில் சுத்தமான சிஎஸ்எஸ்ஸில் எடுத்து, பிறகு ஃபில்டரில் ‘விசிபிள்’ கொடுக்கலாம். ஜேகுவெரியின் ஆவணமே அப்படித்தான் சொல்கிறது. நாங்கள் அதையும் செய்யவில்லை. மறைக்கும் வரிசைக்கு ஒரு கிளாஸ் போட்டோம், லூப் முடிந்தபின் அந்த கிளாஸ் இல்லாத வரிசை உண்டா என்று ஒரே ஒருமுறை கேட்டோம். அளக்கும் வேலையே இல்லை. தட்டத் தட்ட எழுத்து வந்தது.

உங்கள் கோடிலும் கோலனுக்கு முன்னால் ஸ்பேஸ் இருக்கும் செலக்டர்களைத் தேடிப் பாருங்கள். அதே புராஜெக்டில் எங்களுக்கு இன்னும் ஆறு கிடைத்தன.