ஏட்ரியம்: ஒளிமுற்றம்

பெரிய அலுவலகக் கட்டடங்களின் வரைபடங்களில் ஏட்ரியம் என்ற சொல் அடிக்கடி இடம்பெறுகிறது. பல தளங்களை ஊடுருவி எழுந்து, உச்சியில் பெரும்பாலும் கண்ணாடிக் கூரையால் மூடப்பட்டு, சுற்றியுள்ள தளங்களுக்கு நடுவிலிருந்து வெளிச்சம் தரும் உள்வெளியை அது குறிக்கும்.

சொல் இலத்தீன் மொழியைச் சேர்ந்தது. பழைய உரோமானிய வீட்டின் முதன்மைக் கூடத்துக்கு அதுவே பெயர். அக்கூடத்தின் கூரை நடுவே வானம் பார்த்த திறப்பும், அதன் வழியே விழும் மழைநீரைத் தாங்க நேர் கீழே ஆழமற்ற தொட்டியும் இருக்கும். இத்தாலியின் பழைய உரோமானிய நகரான பொம்பெயியின் இடிபாடுகளில் அத்தொட்டிகளை இன்றும் காணலாம். அடுப்புப் புகை படிந்து கறுத்த கூடம் என்பதால் கருமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பது ஒரு பழைய விளக்கம். கி.மு. முதல் நூற்றாண்டு உரோமானிய அறிஞர் வாரோ இப்பெயரை, பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர் என்ற மக்களின் ஆத்ரியா நகரோடு தொடர்புபடுத்தினார். இரண்டுமே ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டவை அல்ல. உடற்கூற்றியலில் இதே சொல் இதயத்தின் மேலறையைக் குறிக்கும்.

வீட்டுக்கு உரிய சொல் அலுவலகத்துக்கு வந்ததன் காரணம் வெளிச்சம். சன்னல் வழி வரும் பகலொளி, சன்னல் உச்சியின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு அல்லது இரண்டரை மடங்கு தொலைவு வரைதான் பயன்படும்படி உள்ளே எட்டும். தடுப்புச் சுவர் இல்லாத அகன்ற தளத்தில் நூற்றுக்கணக்கானோரை அமர்த்தினால் நடுவில் இருப்பவர்கள் நாள் முழுவதும் மின்விளக்கை நம்பியிருக்க நேரும். அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1906இல் முடிக்கப்பட்ட லார்க்கின் நிறுவன அலுவலகத்தில் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் இதற்குத் தெளிவான விடை கண்டார். சுமார் 1,800 பேர் வேலை செய்த அக்கட்டடத்தின் நடுவே 76 அடி உயர உள்வெளி, மேலே ஒளிபுகும் கூரை, சுற்றிலும் அடுக்கடுக்கான மாடங்கள். இத்தகைய கட்டடத்தை 1950இல் இடித்துவிட்டார்கள் என்பது கட்டடக்கலைக்குப் பேரிழப்பு.

அதே உள்வெளியைக் காற்றோட்டத்துக்கும் பயன்படுத்த முடியும். சூடேறிய காற்று மேலெழுந்து உச்சித் திறப்புகள் வழியே வெளியேறும்போது, ஓரச் சன்னல்கள் வழியே புதுக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் 1997இல் நிறைவுற்ற கொமெர்ட்ஸ் வங்கிக் கோபுரத்தில், முக்கோணத் தளத்தின் நடுவே கட்டட உயரம் முழுவதும் செல்லும் உள்வெளியும், அதைச் சுற்றி நான்கு மாடி உயரத் தோட்டங்களும், ஊழியர்களே திறக்கக்கூடிய சன்னல்களும் சேர்ந்து இவ்வேலையைச் செய்கின்றன.

ஏட்ரியத்துக்குத் தமிழில் 'நடுக்கூடம்' என்றோ 'மைய மண்டபம்' என்றோ எழுதுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. இரண்டும் ஆட்கள் கூடும் இடத்தை நினைவூட்டுகின்றனவே தவிர, வானத்தோடு உள்ள உறவைச் சொல்வதில்லை. அந்த உறவைத் தன்னுள் வைத்திருக்கும் சொல் முற்றம். 'நிலவுப்பயன் கொள்ளும் நெடுவெண் முற்றத்து' என்று நெடுநல்வாடை பாடுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்தைச் சுற்றி ஓட்டுச் சரிவுகள் இறங்க, அவற்றின்கீழ் தூண்கள் தாங்கும் தாழ்வாரம் ஓட, அறைகளின் கதவுகள் அதை நோக்கித் திறக்கும். வெளிச்சமும் காற்றும் மழைநீரும் அந்த ஒரே திறப்பின் வழியே வீட்டுக்குள் வரும்.

முற்றம் என்றாலே திறந்த வானம்தானே, கண்ணாடிக் கூரை போட்ட இடத்தை எப்படி அப்படி அழைப்பது என்ற கேள்வி நியாயமானது. ஆகவே, கூரை இல்லாததை நடுமுற்றம் என்றும், ஒளிபுகும் கூரை உள்ளதை ஒளிமுற்றம் என்றும் பிரித்து வழங்குவது பொருந்தும். அதைச் சூழ்ந்த மாடங்களுக்குத் தாழ்வாரம் என்ற சொல் இருக்கவே இருக்கிறது.

இந்தச் சொற்பகுப்பு வடிவமைப்பாளருக்கும் பயன்படும். சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊரில், நிழல்தரும் அமைப்பு இல்லாத கண்ணாடிக் கூரை ஒளியோடு வெயிலின் சூட்டையும் உள்ளே இறக்கி, குளிரூட்டும் செலவைக் கூட்டிவிடும். உள்ளும் புறமும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருக்கும் நாட்களில் காற்று தானாக மேலெழும் விசையும் குறைவு. ஆகவே ஒளிமுற்றம் என்று வரைபடத்தில் எழுதும்போதே, வடக்கு நோக்கிய ஒளித்திறப்பு, வெயில் தடுக்கும் பட்டைகள், தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் வழி ஆகியவற்றையும் சேர்த்தே வரைய வேண்டும்.